ஏழேகால் மணி விளக்கு

தமிழ்நாட்டில் இருக்கும் சித்தி ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறை எங்கள் குடும்ப வாட்சப் குழுவுக்கு ஒரு படம் அனுப்புவார். அமாவாசை எத்தனை மணிக்குப் பிறக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறது, எப்போது கும்பிட்டால் நல்லது என்று எல்லாம் அதில் இருக்கும். கோலாலம்பூரில், செந்தூல் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படிப்பார். பிறகு சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பென்சிலால் ஒரு நேரத்தை எழுதுவார். சித்தி அனுப்பிய நேரம் அல்ல அது. இரண்டரை மணி கூட்டிய நேரம்.

ஆனால் அதே அம்மா ராகு காலத்துக்கு எதையும் கூட்டமாட்டார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாய்ப்பாட்டில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். தாத்தா சொல்லிக்கொடுத்தது, மாற்றக்கூடாது என்பது அம்மாவின் கட்சி. வேடிக்கை என்னவென்றால், அமாவாசைக்கு அவர் போடும் கூட்டல் சரி. ராகு காலத்துக்குத் திருத்தம் போடாமல் விடுவதுதான் தவறு. இதைச் சொல்லி நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

அமாவாசை, பௌர்ணமி, ஏகாதசி எல்லாம் திதிகள். சூரியனை விட்டுச் சந்திரன் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி. அது வானத்தில் நடக்கும் சங்கதி. மதுரைக்கும் கோலாலம்பூருக்கும் ஒரே கணத்தில்தான் மாறும். இந்தியக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 5:30 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நம்முடையது 8 மணி நேரம் முன்னால். இடைவெளியைக் கூட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. ராகு காலம் அப்படி இல்லை. அது அந்தந்த ஊர்ச் சூரியனைப் பிடித்துக்கொண்டு நடப்பது. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கி அதில் ஒன்றை ராகுவுக்குக் கொடுக்கிறார்கள். வாய்ப்பாட்டு நேரமெல்லாம் காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்குப் போட்ட கணக்கு. சென்னையில் உதயம் ஏறத்தாழ 5:40-க்கும் 6:35-க்கும் நடுவில் ஊசலாடுவதால் அங்கே அது ஓரளவு பொருந்தும். கோலாலம்பூரில் சூரியன் 7 மணிக்கு முன்னால் தலைகாட்டுவதே அபூர்வம். மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 7 முதல் 7:25 வரை ஆகும். சராசரியாக 7:10 என்று வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை ராகு காலம் 8:40-க்குத் தொடங்கி 10:10-க்கு முடிகிறது. ஒன்பது அடித்துவிட்டதே என்று நிம்மதியாகப் புதுக் கார் எடுக்கப் போகிறவர் நேரே ராகுவின் மடியில்தான் போய் உட்காருகிறார்.

தாத்தாவைக் குறை சொல்ல முடியாது. 1920-களில் அவர் கப்பலேறி வந்தபோது அந்த வாய்ப்பாடு இங்கேயும் சரியாகத்தான் இருந்தது. 1905 முதல் மலாயாக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம்தான் முன்னால். அந்தக் கணக்கில் சூரியன் 6:10 வாக்கில் உதித்திருக்கும். பத்து நிமிடத்தை யார் பார்த்தார்கள்? 1933-இல் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னால் தள்ளினார்கள், 1941-இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரத்தைத் திணித்தான். அந்த மூன்றரை ஆண்டுகள் கோலாலம்பூரில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் உதித்தது. யுத்தம் முடிந்து பழைய நேரம் திரும்பியது. பிறகு 1982 ஜனவரி 1 அன்று, சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்துக் கடிகாரத்துக்கு மேலும் அரை மணி கூட்டினார்கள். சூரியன் இருந்த இடத்திலேயே இருக்க, கடிகாரம் மட்டும் தாத்தா வந்த நாளிலிருந்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வாய்ப்பாடு வந்து இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் ஊர் வீட்டு வழிபாட்டைப் பற்றி மேடைகளில் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். நூறு வருடமாக எதையும் விடாமல் அப்படியே காப்பாற்றிவிட்டோம் என்பது ஒன்று. எல்லாம் போச்சு, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. வேலை நேரமும் வீட்டின் அளவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து இடத்தைக் குறுக்கும்போதெல்லாம், யாரோ ஒருவர் சமையலறையில் நின்று பென்சிலால் புதுக் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு சில சமயம் சரி, சில சமயம் தப்பு. ஆனால் கணக்குப் போடாமல் எந்தத் தலைமுறையும் இருந்ததில்லை.

விடிகாலைப் பூஜையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தில் பொழுது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் தொடங்கும். இருட்டிலேயே பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகவேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் இறங்குவது குறைந்துவிடும். மரத்தின் நீரழுத்தம் குளிர்ந்த நேரத்தில்தான் கூடுதலாக இருக்கும் என்பது காரணம். புருஷனும் பெண்சாதியும் விடியுமுன் வெளியேறிவிடும் லயத்து வீட்டில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், உட்கார்ந்து பூஜை செய்ய யார் இருப்பார்கள்? காலைப் பூஜை என்பது கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சமாசாரம். லயத்தில் அந்தி விளக்குதான். வேலை முடிந்து, குளித்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு, ஒரு சூடம், நெற்றிக்குத் திருநீறு. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்றும் அந்தி விளக்குக் குடும்பங்களாகவே இருப்பதற்கு வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நகரத்துக் காலை மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளி ஏழரைக்குத் தொடங்கும். ஆறேகாலுக்குப் பள்ளி வேன் கீழே நின்று ஹார்ன் அடிக்கும். சூரியன் எழ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். வானொலியில் பக்திப் பாட்டு ஓட, பிள்ளை காலுறையைத் தேட, அதற்கு நடுவே விளக்கேற்றுகிறவர்கள் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது பெரிய காரியமில்லை. எரியும் விளக்கை விட்டுவிட்டு வீட்டைப் பூட்ட முடியாது என்பதுதான் சிக்கல். விளக்கை அணைப்பது என்று சொல்லவே கூடாது. குளிரவைப்பது, மலையேற்றுவது என்பார்கள். வாயால் ஊதாமல் ஒரு பூவால் திரியை மெல்ல அழுத்துவார்கள். ஏற்றிய ஐந்தாவது நிமிடம் மலையேற்றும் விளக்கு எங்கள் ஊர் விளக்கு. அதற்கும் நேரமில்லாதவர்கள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிடைக்கும் மின்விளக்கை மாட்டிவிடுகிறார்கள், இருபத்துநாலு மணி நேரமும் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருக்கும். சாமிக்கு அது கணக்கா என்று கேட்டால் அம்மாவின் பதில்: "வீடு பத்தி எரியறதுக்கு அது தேவலாம்." இதை அம்மா அனுபவத்தில் சொல்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு வாடகை அறையில் விளக்கை மறந்து கிளம்பிப் போய், கூரைப்பலகை கரியாகி, வீட்டுக்காரர் முன்பணத்தில் இருநூறு வெள்ளியை (ரிங்கிட்டை) பிடித்துக்கொண்டார். தப்பு என்னுடையதுதான்.

சாயங்காலக் கணக்கு இதற்கு நேர்மாறு, நமக்குச் சாதகம். ஆறு மணிக்கு விளக்கு வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் லட்சுமி படியேற மாட்டாள் என்று இந்தியாவிலிருந்து வரும் காணொளிகள் மிரட்டும். ஆறு மணிக்குக் கோலாலம்பூரில் பாதிப் பேர் நெரிசலில், கண்ணில் வெயில் அடிக்க, வண்டிக்குள் இருப்பார்கள். இங்கே சூரியன் மறைய 7 முதல் 7:30 வரை ஆகும். அந்தி என்பது பகலும் இரவும் சந்திக்கும் பொழுது. அதற்குக் கடிகாரத்தோடு உறவு கிடையாது. ஏழேகாலுக்கு வீடு வந்து, கை கால் கழுவி விளக்கேற்றும் பெண் சரியான நேரத்தில்தான் ஏற்றுகிறாள். 1982-இல் கடிகாரத்தைத் தள்ளியவர்கள் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு மணி நேரத்தில் பாதியைத் தானமாகக் கொடுத்தார்கள் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வீட்டு வழிபாட்டின் முதுகெலும்பு அதுதான். உண்மையில் வியாழன் இரவே அது தொடங்கிவிடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது, வீட்டைத் துடைப்பது, ஐஸ்பெட்டியில் மீதமிருக்கும் கோழிக் குழம்பைப் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்வது. மறுநாள் கவுச்சி கிடையாது. வெள்ளி முஸ்லிம்களுக்கும் தொழுகை நாள் என்பதால் இங்கே ஒரு சௌகரியம் தானாக அமைந்துவிட்டது. கோலாலம்பூர் அரசு அலுவலகங்களில் அன்று மதிய இடைவேளை 12:15 முதல் 2:45 வரை. தனியார் அலுவலகங்களிலும் கொஞ்சம் நீட்டி விடுவார்கள். மலாய் நண்பர்கள் பள்ளிவாசலுக்குப் போகும் அந்த நேரத்தில் தமிழர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் பூ வாங்குவார்கள், வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள், நகர மையத்தில் வேலை செய்கிறவர்கள் கோயிலுக்கு ஓர் எட்டு நடந்துவிட்டு வருவார்கள். ஒரு மதத்தின் இடைவேளைக்குள் இன்னொரு மதத்தின் சில்லறைக் காரியங்கள் நடந்துவிடுகின்றன. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸின் பெயர்ப்பலகையில் லிட்டில் இந்தியா என்று எழுதியது 2010 அக்டோபரில்தான். இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே அது ரயில்வேக்காரர்களின் தமிழ்ப் பேட்டை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் ஒரு பக்கம், தண்டவாளத்தில் வேலை செய்த கூலிக்காரர்கள் ஒரு பக்கம். ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோயிலைக் கட்டியவர்கள் முதல் கூட்டத்தார். அங்கே தேவாரம் கேட்கும். இரண்டாம் கூட்டத்தாரின் சாமிகள் உடுக்கைக்கும் உறுமிக்கும் பழகியவை. வெள்ளிக்கிழமை பூக்கடையில் இரண்டு கூட்டத்தாரும் ஒரே முழம் மல்லிகைக்குத்தான் பேரம் பேசுகிறார்கள் என்றாலும், "மலேசிய இந்துக் குடும்பம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது யார் வீட்டைச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது. நான் சொல்வது தோட்டத்திலிருந்து வந்தவர்களின் வீட்டை.

புரட்டாசி வந்தால் ஒரு மாதம் முழுக்கச் சைவம். இந்த ஒரு மாதத்தைத் தாங்குவதற்குச் சீனர்கள் செய்யும் உதவி தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த "சைவ ஆடு", "சைவக் கோழி" எல்லாம் சீன பௌத்தர்களுக்காக வந்தவை. அவற்றில் மசாலா போட்டுப் பிரட்டி, பெருமாளுக்கு விரதம் இருக்கும் தமிழ்க் குடும்பம் சாப்பிடும். ஆட்டைப் போல இருக்கும் ஒன்றைத் தின்றுகொண்டு விரதமா என்று பெரியவர்கள் முணுமுணுப்பது உண்டு. நியாயமான முணுமுணுப்புதான். கறி என்று நாக்கு நினைத்துக்கொள்கிறதே! ஆனால் வேலைக்குப் போய்வரும் வீட்டில் முப்பது நாள் பருப்பும் கத்தரிக்காயுமாக ஓட்டுவது பேச்சுக்கு எளிது. இன்னொரு வேடிக்கை: கண்டிப்பான சீனச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. நம் சைவத்தில் இரண்டும் தாராளம். ஒரே கடையில் இருவரும் சாப்பிட்டால் அவர்கள் விரதம்தான் ஒரு படி மேல்.

நவராத்திரி சமயத்தில் அம்பாங் பக்கம் போனால் வெள்ளை உடுப்பில் சீனர்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலுக்குப் போவதையும், சாலையோரம் மஞ்சள் கொடி நட்ட சைவக் கடைகளையும் பார்க்கலாம். ஒன்பது பேரரசர் விழா. அவர்கள் நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள். நம்முடையது மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஒன்பது ராத்திரி. 2023-இல் இரண்டும் அக்டோபர் 15 அன்று தொடங்கின, 2024-இல் அக்டோபர் 3 அன்று. தற்செயல் இல்லை. அவர்களுடைய மாதமும் அமாவாசையில்தான் பிறக்கிறது. சூரிய ஆண்டோடு ஒட்டவைக்க அதிக மாதத்தை நுழைக்கும் கணக்கு வேறுபடும் வருடங்களில் மட்டும் இரண்டும் பிரிந்துபோகும். எங்கள் அடுக்குமாடியில் நாலாம் மாடிச் சீனப் பாட்டியும் அம்மாவும் அந்த ஒன்பது நாளும் மின்தூக்கியில் சந்தித்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மலாய்ச் சொற்கள் ஒரு இருபது இருக்கும். அதுவே போதுமானதாக இருக்கிறது.

அடுக்குமாடி என்றதும் சாமி மேடையைப் பற்றிச் சொல்லவேண்டும். லயத்து வீடு சின்னதுதான் என்றாலும் அதற்கு ஒரு வாசல் உண்டு, வாசலில் மண் உண்டு, வேப்பமரம் எங்காவது உண்டு, லயம் முடியும் இடத்தில் மாரியம்மன் கோயில் உண்டு. சாமி வீட்டுக்குள் இருந்ததைவிட வெளியில்தான் அதிகம் இருந்தது. அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், அதற்குப் பிறகு வீட்டுமனைகளாகவும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டமாகவும் மாற்றியபோதும், ஜனங்கள் நகரத்து ரயில் பாதை ஓரத்திலும் ஆற்றோரத்திலும் புறம்போக்குக் குடிசை போட்டார்கள். அங்கிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு என்றால் மூன்று அறை, மாத வாடகை 124 வெள்ளி. மூன்று அறையிலும் ஆள் படுக்கவேண்டும். எனவே சாமிக்கு அறை இல்லை, சுவர்தான். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் உயரத்தில் ஒரு பலகை. பிள்ளையார், முருகன், லட்சுமி, மாரியம்மன், பத்துமலையில் வாங்கிய ஒரு வேல். இறந்துபோனவர்களின் படங்கள் வேறு சுவரில். கோலம் போட மண் இல்லாததால் வாசலில் ஒட்டுக்கோலம், நிலையில் பிளாஸ்டிக் மாவிலை. பொது நடைபாதையில் சாம்பிராணி போட்டால் பக்கத்து வீட்டுக்கும் போகும், பக்கத்து வீட்டு ஊதுபத்திப் புகை நம் வீட்டுக்கும் வரும். ஏழாம் மாதத்தில் சீனர்கள் காகிதம் எரிக்கும்போது நாம் எதுவும் சொல்வதில்லை, வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அவர்களும் எதுவும் சொல்வதில்லை. அதில் ஓர் எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது.

சாமி கூடத்துக்கு வந்ததால் வீட்டுக்குள் வேறு ஒன்றும் மாறிப்போனது. தீட்டு நாட்களில் ஒதுங்கி இருக்க அந்த வீட்டில் இடமே இல்லை. அந்தப் பெண் அதே கூடத்தில்தான் உட்காரவேண்டும், அதே பலகைக்குக் கீழேதான் சாப்பிடவேண்டும். எனவே விதி சுருங்கிச் சுருங்கி "விளக்கை மட்டும் தொடாதே" என்று ஆனது. தனிக்குடித்தன வீட்டில் வேறு பெண் கிடையாது. அப்போது யார் ஏற்றுவது? அப்பாவும் பையனும்தான். என் தலைமுறை ஆண்கள் பலர் திரி போடக் கற்றுக்கொண்டது பக்தியால் அல்ல, வீடு சின்னது என்பதால். தீட்டு என்ற எண்ணத்தையே கேள்வி கேட்கும் பெண்கள் இப்போது நிறைய. அவர்கள் கேட்பது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே கட்டட வரைபடம் பாதி வேலையை முடித்துவிட்டது.

குலதெய்வம் விஷயத்தில்தான் கணக்கு உண்மையாகவே சிக்கலாகிறது. தமிழ்நாட்டில் குலதெய்வம் என்றால் ஓர் ஊர், ஒரு எல்லை, பங்காளிகள். 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு யுத்தம். போக்குவரத்து அறுந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறைக்கு ஊர்ப் பெயரே தெரியாது. "சேலம் பக்கம்" என்பதோடு நின்றுவிடும். ஜோசியரிடம் போனால் முதல் கேள்வியே "குலதெய்வம் என்ன?" என்பது. பலர் சொல்லும் பதில், தாத்தா வேலை செய்த தோட்டத்து முனியாண்டி. தோட்டத்து எல்லையில், மரத்தடியில், அரிவாளும் சுருட்டுமாக நின்ற காவல்சாமி ரத்த சம்பந்தமே இல்லாத ஐம்பது குடும்பங்களுக்குக் குலதெய்வமாகிவிட்டார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஒரே மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, ஒரே பெரட்டில் நின்றவர்களைப் பங்காளிகள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அந்தத் தோட்டமும் இல்லாமல் போனால்? நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா இருக்கும் இடம் முன்பு பெராங் புசார் என்ற ரப்பர் தோட்டம். தொண்ணூறுகளில் நகரம் எழும்பியபோது அதையும் சேர்த்து நான்கு தோட்டங்களின் குடும்பங்களை டிங்கில் வட்டாரத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். பிரதமர் அலுவலகம் நிற்கும் பக்கம் எங்கோ யாரோ ஒருவர் கோழி அறுத்துப் படைத்த மரம் இருந்திருக்கும். கோலாலம்பூரின் பங்சாரும் ஒரு காலத்தில் தோட்டம்தான். இப்போது அங்கே ஒரு கோப்பி விலையில் நான்கு பேர் பசியாறலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை ஓரங்களில், கார் பட்டறைகளுக்குப் பின்னால், திடீரென்று ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் தென்பட்டால், பல நேரங்களில் அதைச் சுற்றி ஒரு லயம் இருந்தது என்று அர்த்தம். வீடுகள் போய்விட்டன, காவல்காரர் மட்டும் நிற்கிறார். நில உரிமைச் சிக்கல்கள் பாதி அங்கிருந்துதான் வருகின்றன. தோட்ட நிர்வாகம் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்துக்குப் பட்டா இருக்காது. வருடத்துக்கு ஒரு முறை, தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால், புக்கிட் ஜாலிலிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் கார்கள் செம்பனைக் காட்டுக்குள் புகுந்து வரும்.

நகரத்துப் பெரிய கோயில்களும் வீட்டிலிருந்து வெகு தூரம் போனவை அல்ல. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தம் குடும்பத்துக் கோயிலாகத்தான் தொடங்கினார். 1920-களில்தான் அது பொதுமக்களுக்குத் திறந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி அடிக்கடி வரும். அரசுப் பள்ளியில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. இந்து சமயம் பாடமாகக் கிடையாது. 1965-இல் தொடங்கிய மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்காகத்தான் பல பிள்ளைகள் முதன்முதலில் ஒரு பதிகத்தை முழுதாக மனப்பாடம் செய்கிறார்கள். பரிசுக்காக ஆரம்பித்தாலும் பதிகம் நாக்கில் தங்கிவிடுகிறது. என் அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அதை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

கல்யாணத்திலும் நேரக் கணக்குதான். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைக் கட்டாயம் பதியவேண்டும். பெரும்பாலும் பதிவு முதலில் நடந்துவிடும், தாலி சில மாதம் கழித்து. சட்டப்படி கணவன் மனைவியாகிவிட்ட பிறகும் தாலி கட்டும்வரை அவரவர் வீட்டில்தான் இருப்பார்கள். தாலிக்கு முகூர்த்தம் பார்க்கப் போனால், ஜோசியர் எந்த நாளைச் சொன்னாலும் கடைசியில் அது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் வந்து நிற்கிறது. மற்ற நாளில் யாருக்கு லீவு?

மிச்சமிருப்பது தீபாவளிக்கு முதல் நாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதெல்லாம் மறுநாள். முதல் நாள் சாயங்காலம் செத்துப்போனவர்களுக்கு. அவர்களுடைய படங்களைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, கீழே தலைவாழை இலை விரிப்பார்கள். சாமிக்கு வைக்காத எல்லாம் இவர்களுக்கு உண்டு. ஆட்டுக்கறி, கோழிப் பிரட்டல், நண்டு, வறுத்த மீன். தாத்தாவுக்கு ஒரு போத்தல் கருப்பு பீர், ஒரு சுருட்டு. பாட்டிக்கு வெற்றிலையும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட பாலில்லாத கோப்பி ஓவும். புதுத் துணியும் வைக்கவேண்டும், வேட்டி ஒன்று, சேலை ஒன்று. படைத்து முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்பது சில வீட்டு வழக்கம். அடுக்குமாடியில் வெளியே என்றால் நடைபாதை. பதினோரு பேர் வரிசையாக நடைபாதையில் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு மலாய்க்காரர், யாராவது சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களா என்று ஒரு வருடம் கேட்டார்.

அந்த எதிர்வீட்டுக்காரர் மறுநாள் பகல் குடும்பத்தோடு திறந்த இல்ல உபசரிப்புக்கு, அதாவது பண்டிகை விருந்துக்கு, வருவார். ஆகவே இரவோடு இரவாக இன்னொரு வேலை நடக்கும். போத்தல்கள் மறையும், பாத்திரங்கள் மாறும். கோழி முதலிலிருந்தே ஹலால் கடைக் கோழிதான். சில வீடுகளில் விருந்தாளிகளுக்கென்று தனித் தட்டுகள் உண்டு, சில வீடுகளில் வெளியில் சமைக்கச் சொல்லிவிடுவார்கள். முந்தின இரவு வந்த விருந்தாளிகளுக்கும் இன்று வரும் விருந்தாளிகளுக்கும் சாப்பாட்டு விதிகள் வேறு வேறு. இரண்டு தரப்பையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஒரே சமையலறையிலிருந்து கவனித்து அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் இதைச் சர்வசாதாரணமாகச் செய்வார்கள்.

படையலுக்கு நேரம் எது என்று சித்தியின் படத்தில் இருக்காது. போன வருடம் அக்கா கேட்டாள், "அம்மா, எத்தனை மணிக்குப் படைக்கறது? ராகு காலம் பாத்தியா?" அம்மா நாட்காட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. சமையலறை ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் மேல் விளிம்பைப் பார்த்தார். அங்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இரு. தாத்தா வேலை விட்டு வரட்டும்" என்றார்.